ரத்தம் நின்ற பிறகுதான் ஷீட்

போன இதழில், வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே உறுப்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்வதைப் பற்றியும், அதைத் தடுக்க வைக்கிற ஷீட், ஜெல், திரவம் பற்றியும் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஐந்தை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதம் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) கற்றுக்கொண்டிருக்கும் ஒரு இளம் டாக்டருடையது, அதற்கான பதில் நீளம். ஆனால் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறவர்களும் அதைப் படிக்கலாம், மயக்கத்தில் இருக்கும்போது கடைசி பத்து நிமிடம் உங்கள் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: கர்ப்பப்பையிலிருந்து ஃபைப்ராய்டு கட்டியை எடுத்துத் தையல் போட்ட பிறகு, அதன் மேல் இன்டர்சீட் ஷீட் வைக்கும் வேலையை முதல் தடவையாக என்னிடம் கொடுத்தார்கள். உள்ளே போகும்போதே சுருண்டுவிட்டது, விரிக்கவே வெகுநேரம் ஆனது. விரித்து வைத்ததும் கறுத்துப்போனது. சீனியர் என் கையிலிருந்து கிராஸ்பர் இடுக்கியை வாங்கிக்கொண்டார். எங்கே தப்பு செய்தேன்? இதை எப்படித்தான் கற்றுக்கொள்வது?
— பயிற்சியில் இருக்கும் பெண் டாக்டர், மதுரை

முதலில் அந்தக் கறுப்பைப் பார்த்துவிடுவோம், பதிலில் முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது. இன்டர்சீட் என்பது பதப்படுத்திய செல்லுலோஸ் இழையில் பின்னிய மெல்லிய வலைத்துணி. ரத்தம் பட்டால் கறுக்கும். கறுத்த துணி தடுப்பாக வேலை செய்யாது. அதில் ஊறிய ரத்தத்திலேயே ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உண்டாகும் நார்ப்பொருள்) படிந்து, எந்த ஒட்டல் வரக்கூடாது என்று வைத்தோமோ அதற்கே அது பாலமாகிவிடலாம். ஆக, ஷீட் கறுத்ததற்கும் உங்கள் கைத்திறமைக்கும் சம்பந்தமில்லை. அதற்கு முன்பே தையலில் எங்கோ கசிவு இருந்திருக்கிறது, அதை அந்த அறையில் யாரும் கவனிக்கவில்லை.

எனக்கு இது நடந்தது ஒரு சாக்லேட் கட்டி (சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) கேஸில். கட்டியின் உறையை உரித்தெடுத்த பிறகு சினைப்பையின் அடிப்பக்கம் லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. ரத்தத்தை நிறுத்த நாம் வைக்கும் சர்ஜிசெல்லும் இதே செல்லுலோஸ் குடும்பம்தானே, ஷீட்டை வைத்தால் அதுவே நிறுத்திவிடும் என்று நினைத்தேன். வைத்து அரை நிமிடம் இருக்காது, ஒரு மூலையில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. மையொற்றும் தாளில் மை பரவுகிற மாதிரி அது நடுவரை ஊர்ந்து வந்து கறுத்தது. எனக்குக் கற்றுக்கொடுத்த மேடம் குரலை உயர்த்தவே இல்லை. "எடுத்துடும்மா" என்றார். எடுத்தேன். கசிந்த இடத்தை மட்டும் பைபோலார் மின்கருவியால் தொட்டு நிறுத்தி, கழுவி, உறிஞ்சி எடுத்தோம். அப்புறம் சிஸ்டரிடம் "கேஸ் பிரஷரை 8-க்கு இறக்குங்க" என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு மூன்று நிமிடம் யாரும் பேசவில்லை. அன்றைக்கு அதுதான் எனக்குப் பாடம்.

ஏன் பிரஷரை இறக்க வேண்டும்? வயிற்றை 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடால் உப்ப வைத்துத்தான் வேலை செய்கிறோம். அந்த அழுத்தமே சின்னச் சின்ன சிரை ரத்தக்கசிவை அமுக்கி வைத்திருக்கும். பார்க்கப் படு சுத்தமாக இருக்கும். கேஸை வெளியே விட்டதும் கசிய ஆரம்பிக்கும், அப்போது நாம் போர்ட் (கருவி போகும் குழாய்) காயத்துக்குத் தையல் போட்டுக்கொண்டிருப்போம். அதனால் ஷீட் பாக்கெட்டைப் பிரிக்கச் சொல்வதற்கு முன்னால் அழுத்தத்தைக் குறைத்து, தையல் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். உங்கள் சீனியர் அவசரப்பட்டாலும் பணிவாகக் கேளுங்கள், "மேடம், ஒருதரம் பிரஷர் இறக்கிப் பார்த்துடலாமா?" என்று. இப்படிக் கேட்கிற ஜூனியரை யாரும் தவறாக நினைப்பதில்லை.

இரண்டாவது எதிரி தண்ணீர். கழுவி முடித்த சலைன் உப்புநீர், கர்ப்பப்பைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் தேங்கி நிற்கும். நோயாளியின் தலை தாழ்வாக இருக்கும்வரை பாதித் தண்ணீர் மேல்வயிற்றுக்குப் போய் ஒளிந்துகொள்ளும். மேசையைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொல்லி, இறங்கி வந்ததையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி சாய்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மிதக்கும் ஷீட் ஒரு மணி நேரத்தில் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது அந்தச் சுருண்டுபோன விஷயம். ஷீட்டை வெளியிலேயே, உலர்ந்த கையுறையோடு, உலர்ந்த கத்தரியால் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். காயத்தைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். பெரிய காயம் என்றால் ஒரே பெரிய துண்டோடு மல்லுக்கட்டாதீர்கள், இரண்டாக வெட்டி ஓரம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வையுங்கள். புடவைக் கொசுவம் மாதிரி நீளவாக்கில் மடித்து, ஒரு முனையை மட்டும் கிராஸ்பரில் பிடித்து, 10 மி.மீ. போர்ட் வழியாக ஒரே போக்கில் உள்ளே கொண்டுபோங்கள். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறுவார்கள்: போர்ட்டின் உட்குழாய் ஈரமாக இருக்கும், துணி அங்கேயே நனைந்து கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு முன் ஒரு கட்டுத்துணியால் (காஸ்) உட்குழாயைத் துடைத்துவிடுங்கள். உள்ளே போனதும் நேராகக் காயத்தின் தூரத்து ஓரத்தில் வைத்து, இரண்டாவது கிராஸ்பரின் மூடிய வாயால் நம் பக்கம் நீவி விரித்துக்கொண்டே வாருங்கள். பாய் விரிக்கிற மாதிரிதான், தூக்கிப் போட்டால் மடியும், ஒரு முனையை மிதித்துக்கொண்டு தள்ளினால் விரியும். உட்கார்ந்த பிறகு ஒன்றிரண்டு மில்லி சலைனை அதன் மேல் சொட்டினால் போதும், ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். வெள்ளையாகவே இருந்தால் முடிந்தது. கறுத்தால் வேறு பேச்சே இல்லை, எடுங்கள், கசிவை நிறுத்துங்கள், புதுசு வையுங்கள். "இவ்வளவு விலை, ஒரு மூலைதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

செப்ராஃபிலிம் உங்கள் கைக்கு வந்தால் அது வேறு குணம். ஹையலூரானிக் அமிலமும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸும் சேர்ந்த படலம் அது. உலர்ந்திருக்கும்போது காய்ந்த அப்பளம் மாதிரி முறியும், ஈரம் பட்டால் ஊறிய அப்பளம் மாதிரி தொட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு வரவே வராது. சின்னத் துண்டுகளாக வெட்டி, அதன் கூடவே வரும் உறைத்தாளோடு சேர்த்துச் சுருட்டி, உலர்ந்த குழாய் வழியாகக் கொண்டுபோக வேண்டும். முதல் தொடுதலிலேயே சரியான இடமாக இருக்க வேண்டும், இழுத்துச் சரிசெய்ய முடியாது. குடலை வெட்டி இணைத்த தையலைச் சுற்றி மட்டும் இதைச் சுற்றவே கூடாது, அந்த இணைப்பில் கசிவு கூடுவது ஆய்வில் தெரிந்திருக்கிறது.

இதையெல்லாம் நோயாளியின் வயிற்றில்தான் முதலில் பழக வேண்டும் என்று இல்லை. டிரெய்னர் பாக்ஸில் (லேப்ராஸ்கோப்பி பழகும் பெட்டி) தோலோடு ஒரு கோழித்தொடையை வைத்து, அதில் ஒரு கீறல் போட்டுத் தைத்து, அதன் மேல் கட்டுத்துணியை ஒற்றை மடிப்பாக வெட்டி விரித்துப் பழகுங்கள், இது இன்டர்சீட்டுக்கு. செப்ராஃபிலிமுக்கு, கேக் அலங்காரப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கிற வேஃபர் பேப்பரை வாங்குங்கள், உலர்ந்தால் முறிவதும் நனைந்தால் ஒட்டுவதும் கிட்டத்தட்ட அதே மாதிரி. என்னிடம் பழகும் பிள்ளைகளுக்கு நான் வைக்கும் கணக்கு இது: நேரான இடத்தில் பத்து தடவை, பிறகு அதே தொடையைத் திருப்பி வைத்து, கேமராவுக்கு மறைந்த பக்கத்தில் பத்து தடவை. கர்ப்பப்பையின் பின்சுவர் இருப்பது அந்த மறைந்த பக்கத்தில்தான், ஒட்டல் அதிகம் வருவதும் அங்கேதான். 1993-ல் வெளிவந்த மான்ட்ரியல் டாக்டர்களின் ஆய்வில், பின்சுவரில் வெட்டி ஃபைப்ராய்டு எடுத்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோருக்கு ஒட்டல் இருந்தது. முன்சுவரிலோ உச்சியிலோ வெட்டியவர்களில் அது பாதியைச் சற்றுத் தாண்டியது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். உள்ளுறைச் சவ்வான பெரிடோனியம் ஆறுகிற விதம் தோல் மாதிரி இல்லை. தோல் காயம் ஓரத்திலிருந்து உள்நோக்கி மூடும், பெரிடோனியம் முழுப் பரப்பிலும் ஒரே சமயத்தில் புதுத் தோல் போர்த்திக்கொள்ளும். அதனால் காயம் சின்னதோ பெரியதோ, 5 முதல் 7 நாளில் மூடிவிடும். அந்த ஒரு வாரத்துக்கு இரண்டு புண்பட்ட பரப்புகளைத் தொடவிடாமல் வைத்திருந்தால் போதும், ஷீட்டின் வேலை அவ்வளவுதான். ஆனால் நீங்கள் சவ்வைக் கிராஸ்பரால் நசுக்கி, தேவைக்கு மேல் பொசுக்கி, இழுத்துப் பிடித்துத் தைத்து ரத்த ஓட்டத்தைக் கெடுத்திருந்தால், அங்கே படிந்த ஃபைப்ரின் கரையாது. அதில் செல்கள் குடியேறி, நார் பின்னி, ரத்தக்குழாயும் ஓடி நிலையான ஒட்டலாகிவிடும். முன்பு கையுறையில் பூசி வந்த மாவுத்தூள்கூட ஒட்டலுக்குக் காரணமாக இருந்தது, 2017 ஜனவரியிலிருந்து அமெரிக்கா அந்தக் கையுறைகளையே தடை செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். முள்தையல் நூல் போடுகிறீர்கள் என்றால் அதன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், அதில் குடல் மாட்டி அடைப்பு வந்த கேஸ்கள் பதிவாகியிருக்கின்றன. முதல் அரை மணியில் முரட்டுத்தனமாகச் செய்ததைக் கடைசி ஐந்து நிமிட ஷீட்டால் ஈடுகட்ட முடியாது. அடுத்த தடவை வைக்கும் வாய்ப்பைக் கேட்பதற்கு முன், அந்தத் தையலைச் சுத்தமாக முடிக்கும் வாய்ப்பைக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 29. போன மாதம் ஃபைப்ராய்டு ஆபரேஷன் நடந்தது. பில்லில் "அட்ஹீஷன் பேரியர்" என்று தனியாக ஒரு பெரிய தொகை. வயிற்றுக்குள் எதையோ வைத்துவிட்டார்கள் என்று மாமியார் பயப்படுகிறார். அது அங்கேயே இருக்குமா? அவசியம்தானா?
— வாசகி, ஈரோடு

அட்ஹீஷன் பேரியர் என்பது ஒட்டலைத் தடுக்க வைக்கிற இந்த ஷீட் மாதிரிப் பொருள்தான், அங்கேயே இருக்காது. இன்டர்சீட் சில மணி நேரத்தில் ஜெல்லாகி, சுமார் 4 வாரத்தில் உடலில் கரைந்துவிடும். செப்ராஃபிலிம் ஒரு வாரம் ஜெல்லாக நின்று வேலை செய்துவிட்டு, ஒரு மாதத்துக்குள் வெளியேறிவிடும். உங்களுக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது, அநேகமாக இப்போது மிச்சம் எதுவும் இருக்காது. மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

அவசியமா என்றால், நேர்மையான பதில் இதுதான். சரியாக வைத்தால் ஒட்டல் குறைகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அதனால் கர்ப்பம் தரிப்பது கூடும், வலி குறையும், பிற்காலத்தில் குடல் அடைப்பு வராது என்பதற்கெல்லாம் போதுமான ஆதாரம் இல்லை என்று அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கமே சொல்கிறது. இன்டர்சீட், செப்ராஃபிலிம் இரண்டுக்கும் அமெரிக்காவில் கிடைத்த அனுமதி வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்குத்தான். மகளிர் லேப்ராஸ்கோப்பிக்கென்றே அங்கே 2006-ல் அனுமதி வாங்கியது அடெப்ட் என்ற திரவம். புதுசு என்பதற்காக நல்லது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. இன்டர்ஜெல் என்று ஒரு ஜெல் 2001-ல் அனுமதி பெற்று, ஆபரேஷனுக்குப் பிந்தைய வலி போன்ற புகார்கள் வந்து 2003-லேயே திரும்பப் பெறப்பட்டது.

என் கணக்கு எளிமையானது. குழந்தை வேண்டும் என்று காத்திருக்கிற பெண், கட்டி பின்சுவரில், கருக்குழாயும் சினைப்பையும் பக்கத்திலேயே, இப்படி இருந்தால் நான் வைப்பேன். உங்கள் வயதில் வைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே விலையோடு உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ள விட்டிருக்கக் கூடாது. எந்தப் பொருள், எந்த இடத்தில் வைத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். நாளைக்கு சிசேரியன் செய்ய நேர்ந்தால் அந்த டாக்டருக்கு உதவும்.

கேள்வி: இரண்டு சிசேரியன், ஒரு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனவள் நான். இப்போது கர்ப்பப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுக்கச் சொல்கிறார்கள். "உள்ளே ஒட்டியிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து தூக்கம் இல்லை.
— வாசகி, தஞ்சாவூர்

முன்கூட்டியே சொன்னார் பாருங்கள், அதுவே நல்ல டாக்டர் என்பதற்கு அடையாளம் அம்மா. நம் தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அப்படி இருக்கும்போது உங்களைப் போன்ற வயிறு எங்களுக்குத் தினசரி வேலை. வழக்கமாகத் தொப்புளில் போடும் முதல் துளையை, ஒட்டல் சந்தேகம் இருந்தால் இடது விலா எலும்புக்கு 3 சென்டிமீட்டர் கீழே போடுவோம். பாரிஸில் லேப்ராஸ்கோப்பியை வளர்த்த ரௌல் பால்மர் பெயரால் பால்மர் புள்ளி என்று அதற்குப் பெயர். அங்கே குடல் ஒட்டியிருப்பது அபூர்வம். மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைக் காலி செய்துகொண்டு உள்ளே போவோம்.

சிசேரியன் ஆனவர்களுக்குச் சிறுநீர்ப்பை கர்ப்பப்பையின் முன்பக்கத்தில் ஒட்டி மேலே ஏறியிருக்கும், கவனம் முழுக்க அங்கேதான் வேண்டும். டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: முதல் துளை எங்கே போடுவீர்கள், சிறுநீர்ப்பை ஒட்டியிருந்தால் எப்படிப் பிரிப்பீர்கள்? லேப்ராஸ்கோப்பியில் முடியாவிட்டால் வயிற்றைத் திறந்து செய்வார்கள், அது தோல்வி அல்ல, பாதுகாப்பு. அதற்கும் சேர்த்து மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. லேப்ராஸ்கோப்பி முடிந்து வயிற்றுக்குள் ஒரு லிட்டர் திரவத்தை விட்டிருப்பதாகச் சொன்னார்கள். வீட்டு மெஷினில் சர்க்கரை திடீரென்று அதிகமாகக் காட்டுகிறது. இன்சுலினைக் கூட்டலாமா?
— வாசகர், சேலம்

கூட்ட வேண்டாம். உங்களுக்கு அன்றைக்கே போனில் பதில் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். அடெப்ட் என்பது 4 சதவீத ஐகோடெக்ஸ்ட்ரின். கடைசியில் ஒரு லிட்டர் உள்ளே விட்டு, டிரெயின் குழாய் வைக்காமல் மூடிவிடுவோம். உறுப்புகள் சில நாள் அதில் மிதந்தபடி ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். இது உடலில் கிரகிக்கப்படும்போது மால்ட்டோஸாக மாறும். சிலவகை குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புகள் மால்ட்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணிக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உண்மையான சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். எல்லா மெஷினும் அப்படி இல்லை, ஆனால் உங்கள் வீட்டு மெஷின் எந்த வகை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு வாரத்துக்கு லேபில் நரம்பில் ரத்தம் எடுத்துப் பாருங்கள். மயக்கம், வியர்வை, நடுக்கம் இருந்தால், மெஷின் எவ்வளவு காட்டினாலும் சர்க்கரை இறங்கியிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போர்ட் காயத்தில் தண்ணீர் மாதிரி கசிவதும், பிறப்புறுப்பில் தற்காலிக வீக்கமும் இந்தத் திரவத்தால் வரலாம், தானாகச் சரியாகும்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்ததும் பெல்ட் கட்டினால், நிறைய நடந்தால் உள்ளே ஒட்டாது என்கிறார்கள். உண்மையா?
— வாசகி, திருநெல்வேலி

நடப்பது நல்லது. காலில் ரத்தம் உறைவதைத் தடுக்கும், குடல் சீக்கிரம் வேலை செய்யும். ஆனால் நடையோ பெல்ட்டோ ஒட்டலைத் தடுக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஸ்காட்லாந்தில் 1986-ல் வயிறு அல்லது இடுப்புப் பகுதியைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பத்து வருடம் பின்தொடர்ந்து, 1999-ல் லான்செட்டில் வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவர், ஒட்டலோடு தொடர்புள்ள அல்லது ஒட்டலால் சிக்கலாகக்கூடிய காரணங்களுக்காகச் சராசரியாக இரண்டு தடவை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார்கள். அதனால் வருடங்கள் கழிந்தாலும் சரி, வயிறு உப்பி, விட்டு விட்டு முறுக்கி வலித்து, வாந்தி வந்து, காற்றும் மலமும் வெளியேறாமல் இருந்தால், கேஸ் என்று நினைத்து ஓம வாட்டர் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், உங்களுக்கு முன்பு நடந்த ஆபரேஷனைப் பற்றிச் சொல்லுங்கள்.